தலைக்கு ஆகாத பூக்கள்

ரயில் வண்டி வரும் நேரமெல்லாம் எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். சிக்னல் கைகாட்டிக் கம்பி இழுபடும் சத்தம் கேட்டதும் அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுவாள். "இந்தச் சொளகைக் கொஞ்சம் பிடி", "என் முதுகுல என்னமோ ஊருது, பாரு", "இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு". அம்மாவுக்குக் கண் நன்றாகவே தெரியும். அக்கா வந்து கோத்துக் கொடுப்பாள். வண்டி ஓட்டுக் கூரையை ஆட்டிக்கொண்டு கடந்து போகும். கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் அம்மா மூச்சு விடுவாள், நானும் விடுவேன். ஊசி அங்கேயே கிடக்கும். தைப்பதற்கு வீட்டில் ஒரு கிழிசலும் இருக்காது.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில், இப்போது வண்டிகள் நிற்காமல் போகிற ஒரு சின்ன ஸ்டேஷன். அப்போதும் பாசஞ்சர்கள் மட்டும்தான் நிற்கும், எக்ஸ்பிரஸ்கள் எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காது. எழுபதுகளின் கடைசி, கரி என்ஜின் காலம். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் கொடி, அதைத் தாண்டி ஒரு பூவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அவ்வளவு கிட்டத்தில்.

அக்காவை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு மஞ்சள் காமாலை வந்து, பச்சிலை வைத்தியம் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி கழிந்ததும் அவளுடைய மாமனாரே டிரங்குப் பெட்டியோடு கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனார். அம்மா போட்ட காப்பியைக்கூட அவர் தொடவில்லை. அக்கா பெட்டியை அறையின் மூலையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பல நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறவளைப் போல.

அவள் தண்டவாளத்துக்குப் போய்விடுவாளோ என்று எங்களுக்குப் பயம். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததனாலேயே பயம் வீடு முழுக்கப் பரவிக் கிடந்தது. நான் காலேஜில் உட்கார்ந்திருப்பேன், பாடம் காதில் விழாது. எத்தனை மணிக்கு எந்த வண்டி எங்கள் வீட்டைக் கடக்கும் என்பது மட்டும் தெரியும். எந்த வகுப்பு நடந்தால் எனக்கென்ன? சாயங்காலம் பாசஞ்சரில் வந்து இறங்கியதும் பிளாட்பாரத்திலிருந்தே எங்கள் கொடியைப் பார்ப்பேன். அக்காவின் சேலை காய்ந்துகொண்டிருந்தால் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். இதென்ன கூறுகெட்ட கணக்கு என்று எனக்கே எரிச்சலாக வரும். ஆனாலும் மறுநாளும் பார்ப்பேன்.

இந்தப் பயத்தைச் சுற்றித்தான் அப்படி ஒரு தோட்டம் இருந்தது. மதுரை ரயில் பாதையில் எங்கள் ஸ்டேஷனுக்கு இருந்த ஒரே பெருமை அது. பிளாட்பாரத்தின் நீளத்துக்குக் கல்வாழை, சிவப்பும் மஞ்சளுமாக. சுண்ணாம்பு அடித்த கற்களுக்கு நடுவே குரோட்டன்ஸ். ஜீனியாப் பாத்தி. மணியடிக்கும் தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு மயில்கொன்றை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நித்தியகல்யாணி. பிளாட்பாரம் முடிகிற இடத்திலிருந்து பாதை வளைகிற இடம் வரை, எங்கள் வீட்டுப் பின்பக்கத்தையும் சேர்த்து, ஆள் உயரத்துக்குக் காகிதப்பூ வேலி. பங்குனி வெயிலில் அது முழுக்கப் பூத்து நிற்கும்போது வண்டியில் போகிறவர்கள் ஜன்னல் கம்பிகளில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்ப்பார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரிகள் மறக்காமல் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு ரசனையுள்ள மனுஷன் இந்தப் பொட்டலில் வந்து மாட்டிக்கொண்டாரே என்று ஒருவர் அப்பாவின் தோளில் தட்டிச் சொன்னார். அப்பா குனிந்த தலையோடு சிரித்தார்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். வீட்டில் அப்பாவுக்கு எந்த ரசனையும் கிடையாது. சட்டைக்கு ஒரே நிறம், சாப்பாட்டுக்கு ஒரே ரசம். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைப்பார். அந்த மனிதர் டியூட்டி முடிந்ததும் பனியனோடு மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். கல்வாழைக்குக் கொஞ்சம், ஜீனியாவுக்குக் கொஞ்சம், காகிதப்பூ வேலிக்கு மட்டும் நடை நடையாக. காகிதப்பூவுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை. கப்பலூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் குறுக்கு வழிக்காக வேலியில் எங்காவது ஒரு சந்து போட்டுவிடுவார்கள். அன்றைக்கே அப்பா வேலிக்கருவை முள்ளை வெட்டிவந்து அதை அடைப்பார். அடைத்துவிட்டுக் கையால் அசைத்துப் பார்ப்பார்.

அந்தத் தோட்டத்தில் வேறொரு விசேஷமும் இருந்தது. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னது பூக்காரம்மாக்கள்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பாதை வளைகிற இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மல்லிகை மொட்டைக் கூடையில் சுமந்து வருகிற பெண்கள் அந்த நிழலில் உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருப்பார்கள். காலைப் பாசஞ்சர் வருகிற நேரத்துக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வருவார்கள். ஏறுவதற்கு முன் அப்பாவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது.

"மாஸ்டரய்யா, இம்புட்டுப் பூ வளத்து வச்சிருக்கீகளே, இதுல ஒண்ணாச்சும் தலையில வைக்க ஆகுமா?"

"அதான் பாரு. நித்தியகல்யாணியாம். பேருதான் கல்யாணி."

அப்பா கையிலிருந்த பச்சைக் கொடியை விரித்துச் சுருட்டிக்கொண்டு அடுத்த பெட்டியைப் பார்ப்பார். அவர்கள் சொன்ன பிறகு நான் ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். உண்மைதான். காகிதப்பூ, கல்வாழை, ஜீனியா, மயில்கொன்றை, எதையும் யாரும் தலையில் வைப்பதில்லை. மதுரையில் ஒரு தோட்டம், அதில் ஒரு மல்லிகைச் செடி இல்லை, பிச்சி இல்லை, ஒரு கனகாம்பரம்கூட இல்லை. அக்கா விதவையாக வந்த பிறகு, மகளுக்காகத்தான் மாஸ்டர் மல்லிகை வைக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. என்ன அறிவோ. அவள் கல்யாணத்துக்கு முன்பும் அந்தத் தோட்டத்தில் மல்லிகை இருந்ததில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா, "மல்லியில பூச்சி விழும், மருந்தடிக்கணும்" என்று ஏதாவது சொல்லி மழுப்புவார்.

பூ விஷயத்தில் அப்பாவிடம் இன்னொரு கிறுக்கும் இருந்தது. அம்மாவோ நானோ தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால், "எங்க போற?" என்பார். ஒரு முழம் வைத்தால் ஒன்றும் கேட்கமாட்டார், நிறைய வைத்தால் கேட்பார். கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று அம்மாவுக்குக் கோபம் வரும். "வாசப்படியில நின்னு அப்படிக் கேக்காதீகன்னு எத்தன தடவ சொல்றது?" என்பாள். அப்பா கேட்பதை விடவில்லை. அவரைச் சந்தேகப் பிராணி என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன்.

அக்கா வந்து சில மாதம் கழிந்திருக்கும். துணி காயப்போட்டுவிட்டு வேலியையே பார்த்துக்கொண்டு நின்றவள், திரும்பாமல் கேட்டாள்.

"ஏம்மா, இந்த வேலியில அந்தப் பக்கம் போக வழியே இல்லையா?"

அம்மாவின் கையிலிருந்த வாளி நழுவிவிட்டது. "எதுக்கு?" என்றாள்.

"சும்மாதான்."

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் முறை போட்டுக் காவல் காத்தோம். முறை போடுகிறோம் என்று பேசிக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது. அப்பா ஆபீஸ் ஜன்னலில் இருந்து வீட்டைப் பார்ப்பார். வண்டிக்கு வண்டி அம்மாவின் ஊசியிலிருந்து நூல் கழன்றுவிடும். அக்காவுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கும். ஒரு தடவை ஊசியைக் கோத்து அம்மாவிடம் நீட்டியபோது என்னைப் பார்த்து லேசாக உதட்டைச் சுழித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒருத்தியை உயிரோடு வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவளைச் சிறையில் வைத்திருக்கிறோமோ என்று தோன்றியது. தோன்றினாலும் காவலை விடத் துணிச்சல் வரவில்லை.

பிறகு அக்கா ஒரு புதுப்பழக்கம் ஆரம்பித்தாள். காலையில், "கோயில் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவாள். லெவல் கிராசிங் தாண்டி ஒரு முனியாண்டி கோயில் உண்டு. சாமி கும்பிட்டால் மனசு ஆறும் என்று அம்மா விட்டாள். காலைப் பாசஞ்சர் வருவதற்கு முன்பே திரும்பிவிடுவாள். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. சோறு இன்னொரு கை போட்டுக்கொண்டாள். முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பரீட்சை லீவு. அந்தக் காலையில் பின்வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அக்கா இன்னும் வரவில்லை. வண்டி உள்ளே வரக் கைகாட்டி இறங்கிவிட்டது. அம்மா உள்ளேயிருந்து பழக்கதோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டு, அவள் இல்லை என்பது நினைவுக்கு வந்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள். வண்டிக்கு லைன் கிளியர் கொடுத்துவிட்டு அப்பா ஒரு வாய் காப்பிக்காக வீட்டுக்கு வந்திருந்தார். டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் வேலிக்கு மேலாகப் பார்த்தார்.

நானும் எழுந்து பார்த்தேன். பாதை மேடாகி வளைகிற இடத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, அக்கா தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். தலைகுனிந்து கட்டைக்குக் கட்டை கால் வைத்து வந்தாள். அவள் தலையில் பூ இருந்தது. ஒரு முழம் இரண்டு முழம் இல்லை. இரண்டு தோளிலும் விழுகிற அளவுக்கு மல்லிகை.

டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. அப்பா ஸ்டேஷன் பக்கம் திரும்பி, கைகாட்டி இழுக்கிற பாயிண்ட்ஸ்மேன் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். "கைகாட்டியத் தூக்கு! வண்டியை உள்ள விடாத!" அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிளாட்பாரம் சுற்றிப் போனால் நேரமாகும் என்று நினைத்தாரோ என்னவோ, நேராக ஓடி வேலிக்குள் விழுந்தார். சந்து விடாமல் அவரே அடைத்த வேலி. பாதி தூரம் போனதும் காகிதப்பூ முள்ளும் கருவை முள்ளும் அவரைப் பிடித்துக்கொண்டன. வெள்ளைச் சட்டை கிழிந்தது. கையிலும் கழுத்திலும் ரத்தம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். வேலியின் அந்தப் பக்கம், அப்பா கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றாள். "என்னப்பா இது? ரத்தம் வருதுப்பா."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற மகளை. "பூவை எடுத்துரு தாயி. எடுத்துரு. அந்தப் பூவை எடுத்துரு."

பூவை எடுத்துவிடு. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை எப்போது, யாரிடம் சொல்வார்கள் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அத்தானின் வீட்டு முற்றத்தில் வைத்து அக்காவிடம் அதைத்தான் சொன்னார்கள், பிறகு அவர்களே எடுத்தார்கள். அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"ஊருல எல்லாரும் சொன்னாக. நீங்க ஒருத்தர்தான் சொல்லாம இருந்தீக." குரல் உடையாமல் சொன்னாள். "நீங்களும் சொல்லிட்டீகல்ல."

தலையிலிருந்த சரத்தைப் பிடித்து இழுத்தாள். முடியும் சேர்ந்து வந்தது. அதை வேலியின் மேல் எறிந்துவிட்டுத் திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்து நடந்தாள். தூரத்தில், ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டரில் நிறுத்தப்பட்ட வண்டி விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அவள் சாக வரவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் இப்போது திரும்பிப் போகிறவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை.

முள்ளுக்குள் நின்றபடி அப்பா பேச ஆரம்பித்தார். கதறவில்லை, வண்டி விவரம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"நீ தாலியறுத்தவன்னு சொல்லல தாயி. ஒரு பொண்ணு இந்த எடத்துல செத்துப்போச்சு. நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்த புதுசு, நீங்கல்லாம் அப்ப இங்க வரல. சாயங்கால வண்டி எப்ப வரும்னு என்கிட்டதான் கேட்டுச்சு. நான்தான் நேரம் சொன்னேன்."

அக்கா நின்றாள். திரும்பவில்லை.

"தனியா வளைவுப் பக்கம் போகுது சார், போய்ப் பாக்கட்டுமான்னு அப்ப இருந்த பாயிண்ட்ஸ்மேன் கேட்டான். நான்தான் வேண்டாம்னுட்டேன். தலை நிறைய மல்லிப்பூ வச்சிருக்கு, புருசன எதிர்பாத்து நிக்குது போல, விடுன்னேன். சாகப் போறவ பூ வப்பாளான்னு நெனச்சேன். பூவப் பாத்து ஏமாந்துட்டேன் தாயி."

அப்படி நினைத்ததற்கு அப்பாவைக் குற்றம் சொல்ல முடியுமா? எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பூ வைத்தவள் நன்றாக இருக்கிறாள், பூ இல்லாதவள்தான் பாவம். அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கும். போகிறபோது பூவும் பொட்டுமாகப் போக நினைத்திருக்கிறாள். மறுநாளே அப்பா காகிதப்பூக் குச்சிகளைத் தேடி அலைந்திருக்கிறார். வளைவுக்கு யாரும் போகாமல் முதலில் வேலி. வேலி மட்டும் தனியாக இருந்தால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள், அதனால் கல்வாழை, ஜீனியா, மற்றதெல்லாம். அதிகாரிகள் தோளில் தட்டிப் பாராட்டிய ரசனை இதுதான். ஒரு மனிதன் பயந்து பயந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த தோட்டம்.

அக்கா திரும்பி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள், கோபமும் இருந்தது. "நான் சாகப் போறேன்னா நெனச்சீக? அந்த வேப்பமரத்தடியில ஒக்காந்து பூக்காரம்மாக்களோட பூக் கட்டுறேன். முனியாண்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு அதுல ஒரு அக்கா கட்டின பூவ என் தலையில வச்சுவிட்டாக. ஆசையா இருந்துச்சு, வேணாம்னு சொல்லல. நேரமாயிருச்சேன்னு தண்டவாளத்து வழியா வந்தேன். பொழுதன்னைக்கும் ஊசியில நூலு கோத்துக்கிட்டே இருக்கவா நான்?"

அம்மா எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா முள்ளுக்குள் கையை விட்டு அப்பாவின் சட்டையை ஒவ்வொரு முள்ளாக விடுவித்தாள். அவள் கையிலும் கீறியது. வேலி மேல் கிடந்த சரத்தை அப்பா எடுத்து அவளிடம் நீட்டினார். "கசங்கிருச்சுப்பா" என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

வண்டியை அவுட்டரில் நிறுத்தியதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். தண்டவாளத்தில் மாடு வந்துவிட்டது என்று அப்பா எழுதிக் கொடுத்தார். சர்வீஸில் அவர் எழுதிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். வெகுநாள் வரை நான் அக்காவை மாடு என்றுதான் கூப்பிட்டேன். அவளும் என்னைக் கொம்பு என்றாள்.

அக்கா தினமும் பூ வைத்தாள். ஊர் வாயை யார் மூடுவது? சொந்தக்காரர்கள் இரண்டு கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அவள் டீச்சர் டிரெயினிங் முடித்து ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள், அங்கேயும் பூவோடுதான் போனாள். அப்பா தோட்டத்தில் கடைசி வரை மல்லிகை வைக்கவில்லை. அவருடைய பயமும் தீரவில்லை, தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. அக்கா என்றாவது பூ வைக்காமல் கிளம்பினால் வாசலுக்கு வந்து நிற்பார். "ஏந்தாயி, இன்னைக்குப் பூ வைக்கல?" சும்மாதான் என்று அவள் சொன்னால் போதாது. அவள் திரும்பி வருகிறவரை உட்காரமாட்டார்.

அப்பா ரிட்டையரானதும் ஒத்தக்கடையில் வீடு கட்டி வந்தோம். எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. சர்க்கரை வேறு இருந்ததால் ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தலையைக் குனிவாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வா" என்பார்.

ஒரு மார்கழியில் கடும் பனி, மல்லிகை வரத்தே இல்லை. அக்கா பூ வைக்காமல் குனிந்து, "இருக்குப்பா" என்றாள். அவர் முகர்ந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்ற" என்றார். "எங்க போற?"

எவ்வளவு சொல்லியும் விடவில்லை. நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். கனகாம்பரம்தான் கிடைத்தது. அதற்கு வாசனை கிடையாது என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். அப்பா முகர்ந்தார், ஒன்றும் தெரியவில்லை. அவள் அவர் விரல்களைப் பிடித்துச் சரத்தின் மேல் வைத்தாள். அவர் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டு போனார். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்திருக்கும். அவர் முடிக்கிறவரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.